நாங்களும் நாமும்

(நம் குடியிருப்பின் ஆண்டு விழா மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கு நாற்காலி கிடைத்துவிட்டதா? பின்னால் நிற்கிற தம்பிகள் முன்னால் வந்து உட்காரலாம், ஜமுக்காளம் விரித்திருக்கிறார்கள்.

விழாக் குழுவில் என்னைப் பேசச் சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்கள். "சார், கழிவுநீர், லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம் எதுவும் வேண்டாம். அதுக்குப் பொதுக்குழு இருக்கு. நீங்க லைட்டா உங்க பொண்ணுங்களைப் பத்திப் பேசுங்க." சரி என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அங்கே நிபந்தனைகள் கொஞ்சம் கூடுதல். பெரியவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. "என் பேரைச் சொல்லக் கூடாது. நான் அழுத கதை எதையும் சொல்லக் கூடாது. போட்டோ காட்டக் கூடாது" என்றாள். சின்னவளுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. அவளுக்கு ஒரே ஒரு கோரிக்கை: "என் பேரை மட்டும் மைக்ல ரெண்டு தடவை சொல்லு." ஒருத்தி பேரைச் சொல்லி இன்னொருத்தி பேரை விட்டால் இன்றைக்கு ராத்திரி நான் செக்யூரிட்டி அண்ணன் அறையில்தான் படுக்க வேண்டும். ஆகவே இந்தப் பேச்சு முழுக்க பெரியவள், சின்னவள். அவ்வளவுதான்.

ரெண்டும் பெண்கள் என்றதும் பையன்களைப் பெற்றவர்கள் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். "உங்களுக்கென்ன சார், நிம்மதி. பொண்ணுங்க ஓரமா உக்காந்து வரைஞ்சிட்டு இருக்கும். எங்க வீட்டுல சோபா ரெண்டாயிடுச்சு." எங்கள் வீட்டிலும் சோபா இரண்டாகிவிட்டது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். எங்களுக்கு நேர் கீழே இருக்கிற மாமி ரொம்ப நாகரிகமானவர். புகார் என்று ஒரு நாளும் வந்ததில்லை. மாடிப்படியில் பார்த்தால் மட்டும், "நேத்து சாயங்காலம் உரல்ல ஏதாவது இடிச்சீங்களா?" என்று கேட்பார். அது பள்ளி ஆண்டு விழா நடனம். எட்டுப் பேர் ஆட வேண்டிய குழு நடனத்தை எங்கள் கூடத்தில் இரண்டு பேர் ஆடிப் பார்த்தார்கள். மீதி ஆறு பேருடைய அடியையும் சேர்த்து.

காலையிலிருந்து வருகிறேன். என் மனைவி மின்சார ரயிலைப் பிடிக்க ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியவர். அதனால் எங்கள் வீட்டு அமைச்சரவையில் தலைப்பின்னல் துறை என்னிடம் இருக்கிறது. ஆண்கள் யாராவது இதை எளிது என்று நினைத்தால், நாளை காலை ஏழேகாலுக்கு வாருங்கள். முதலில் சிக்கு எடுக்க வேண்டும். நுனியிலிருந்து மேல் நோக்கிப் போனால் வலிக்காது, மேலிருந்து இழுத்தால் கீழ்வீட்டு மாமிக்குக் கேட்கும். பிறகு வகிடு. வகிடு என்பது நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு நேர்கோடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மண்டை உருண்டை என்பதைப் பின்னத் தொடங்கிய பிறகுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். பிறகு இரண்டு பக்கமும் மூன்று மூன்று காலாகப் பிரித்து, ஒரே உயரத்தில் தொடங்கி, ஒரே உயரத்தில் முடித்து, மடித்துக் கட்ட வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை கறுப்பு ரிப்பன், நடுவில் புதன்கிழமை மட்டும் வெள்ளை. இந்தப் புதன்கிழமையைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியவில்லை, அவருக்குப் பெண் குழந்தை இருந்திருக்க வாய்ப்பில்லை. "இறுக்கமா இருக்கணும், ஆனா வலிக்கக் கூடாது" என்பது பெரியவளின் தரக்கட்டுப்பாடு. சின்னவளுக்கு முடி தோள்பட்டை வரைதான். அவளுக்கும் இரட்டைப் பின்னல்தான் வேண்டும். கட்டி முடித்தால் இரண்டு மிளகாய் நிற்கிற மாதிரி இருக்கும். கண்ணாடியில் பார்த்து, "அக்காவுது மாதிரியே இருக்குல்ல?" என்பாள். "அப்படியேதான் இருக்கு" என்று மூன்று பேரும் சொல்லிவிடுவோம்.

பின்னல் என்றதும் பேன் வந்தே தீர வேண்டும். நம் வாட்ஸ்அப் குழுவில் எதைத்தான் நாம் அறிவிப்பதில்லை? தண்ணீர் லாரி, காணாமல் போன செருப்பு, பூனை, மீந்துபோன கறிவேப்பிலை எல்லாம் வருகிறது. "எங்க வீட்டுப் பாப்பாவுக்குப் பேன் வந்திருக்கு, எல்லாரும் பாத்துக்குங்க" என்று மட்டும் ஒருவரும் போடுவதில்லை. ஆனால் ஒரே வாரத்தில் நான்கு வீட்டு வராந்தாவில் பேன் சீப்பு காயும். வெட்கப்பட ஒன்றுமில்லை, நண்பர்களே. பேனுக்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. தலையோடு தலை முட்டினால் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். எண்ணெய் வைத்த தலை, ஷாம்பு போட்ட தலை என்ற பேதமும் அதற்குக் கிடையாது. நம் பெண்கள் ஒரே செல்போனில் நான்கு தலைகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற வரைக்கும் பேனுக்குப் பாலம் போட்டாயிற்று. ஒரு தடவை சீவிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஈர் பொரிய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அப்போது மறுபடியும் பார்க்க வேண்டும். நான்கு வீடும் ஒரே ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இன்னும் நல்லது. இது மட்டும்தான் என் பேச்சில் பொதுக்குழுத் தீர்மானம் மாதிரி இருக்கும். மேலே போகிறேன்.

இந்தப் பின்னல் வேலையில் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து, "ஸ்கூல்ல இன்னிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணும் இல்ல" என்று பதில் வரும். எட்டு மணி நேரம், நாற்பது பிள்ளைகள், ஒன்றுமே நடக்கவில்லை! அதே பெண் காலையில் முக்காலியில் உட்கார்ந்து, முதுகை என் பக்கம் காட்டி, தலை என் கையில் இருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மிஸ் கல்யாணம் ஆகிப் போகிறார், கணக்கில் எத்தனை மதிப்பெண், அது ஏன் வீட்டுக்கு வந்து சேரவில்லை, எல்லாம் வரும். என் முகத்தை அவள் பார்க்க வேண்டியதில்லை, அவள் முகத்தை நான் பார்க்க முடியாது. அந்த வசதியில் பேச்சு வருகிறது. அதனால் பத்து நிமிடத்தில் முடிகிற பின்னலை நான் இப்போது பதினைந்து நிமிடம் பின்னுகிறேன்.

சின்னவளுக்கு அந்த வசதியெல்லாம் தேவையில்லை. முகத்துக்கு நேரே கேட்பாள். என் பழைய போட்டோ ஒன்றில் நான் அரைக்கால் சட்டையோடு ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டாள். "நீ அப்ப பொறக்கல" என்றேன். "அது தெரியும். எங்க இருந்தேன்?" என்றாள். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லலாம். ஆட்டுக்குட்டி இப்போது எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அதற்கு எனக்குப் பதில் தெரியும், சொல்லவில்லை.

இவளுக்கு இன்னும் கழித்தல் கணக்கு வராது. இரண்டு எழுத்து தலைகீழாக வரும். ஆனால் தமிழ் இலக்கணத்தில் ஒரு விஷயத்தை எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்காமல் கரைத்துக் குடித்திருக்கிறாள். 'நாம' என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. 'நாங்க' என்றால் கேட்கிறவர் வெளியே. இந்த வசதி ஆங்கிலத்திலும் இல்லை, இந்தியிலும் இல்லை. நமக்கு இருக்கிறது. அதை எங்கள் வீட்டில் ஆயுதமாகவே வைத்திருக்கிறார்கள். "அப்பா, நாம ஐஸ்கிரீம் சாப்பிடப் போலாமா?" என்றால் பணம் நான் கொடுக்க வேண்டும். "நாங்க ஐஸ்கிரீம் சாப்பிட்டோமே" என்றால் என் பங்கும் தீர்ந்துவிட்டது. சுவரில் கிரேயான் கிறுக்கல் கண்டுபிடிக்கப்படும்போது மட்டும், "நாம எல்லாரும்தான் பண்ணோம்" என்று வரும். அலுவலகத்தில் இருந்த நானும் அதில் சேர்த்தி!

பங்கு பிரிக்கிற விஷயத்தைச் சொல்லாமல் பெண்களைப் பெற்ற கதை முடியாது. 1989இல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பிலேயே சம உரிமை என்று கொண்டுவந்தார்கள். 2005இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. வழக்கறிஞர்கள் வருடக்கணக்கில் உழைத்து எழுதிய சட்டம். எங்கள் வீட்டில் அது டப்பாவில் மிஞ்சிய கடைசி முறுக்குக்கும் பொருந்தும். ஸ்கேல் வைத்து அளந்தார்கள், முறுக்கு வட்டம் என்பதால் தீர்ப்பு வரவில்லை. கடைசியில் என் மனைவி பழைய முறையைக் கொண்டுவந்தார்: ஒருத்தி உடைக்க வேண்டும், மற்றவள் முதலில் எடுக்க வேண்டும். அன்றிலிருந்து உடைக்கிறவள் காட்டுகிற கவனத்தை நகைக்கடைத் தராசில்கூட நான் பார்த்ததில்லை. நடுவில் உதிர்ந்த தூள் மட்டும் தகப்பனாருக்கு. அதில் யாரும் உரிமை கோருவதில்லை.

அளந்தும் தீராத ஒரு சண்டை இருக்கிறது. அது வயது. சின்னவள் ஒரு நாள் கேட்டாள், "எனக்குப் பத்து வயசு எப்ப ஆகும்?" ஐந்து வருஷத்தில் ஆகும் என்றேன். "அப்ப நானும் அக்காவும் ஒரே கிளாஸா?" இல்லை, அக்காவுக்கு அப்போது பதினைந்து. கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்குப் பதினஞ்சு ஆனா?" இருபது. அன்றைக்கு அவள் முகத்தில் வந்த ஏமாற்றம் இருக்கிறதே, எவ்வளவு ஓடினாலும் அந்த லிஃப்டில் ஏற முடியாது என்று தெரிந்துவிட்ட முகம். பெரியவளுக்கே இரக்கம் வந்துவிட்டது. "பரவால்லடி, நான் ஒரு வருஷம் பொறந்த நாள் கொண்டாடாம இருக்கேன்" என்றாள். மறுநாளே அதே பெரியவள், தோழிகள் வந்தபோது, "நாங்க பேசிட்டு இருக்கோம், நீ போ" என்று கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நானும் சின்னவளும் நின்றோம். 'நாங்க' என்ற சொல் எவ்வளவு கனமானது என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

போன கோடை விடுமுறையில் திருநெல்வேலியிலிருந்து என் அம்மா வந்திருந்தார். பேத்திகளுக்கு ஆச்சி. ஆச்சி வந்தால் எங்கள் வீட்டு மொழியே மாறிவிடும். பதினைந்து நாளில் சின்னவள் வகுப்புத் தோழியை "ஏட்டி, இங்க வாட்டி" என்று கூப்பிட்டு, எங்களுக்கு ஒரு போன் வந்தது. அது திட்டு இல்லை, எங்கள் பக்கத்தில் அது கொஞ்சல் என்று விளக்கிச் சொன்னோம். ஆச்சி பையில் பல்லாங்குழி கொண்டுவந்திருந்தார். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. குழியில் நான்கு சேர்ந்தால் பசு, எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் வீட்டில் டி.வி. ஓடவில்லை. அந்தப் பசுவை எடுக்கிற அவசரத்தில் ஆச்சி செய்த சில கைவேலைகளைப் பெரியவள் கண்டுபிடித்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட ஆச்சி, "கண்ணு தெரியலட்டி" என்றார். அதே கண்தான் மூன்றாம் மாடியிலிருந்து காய்கறி வண்டியில் கத்தரிக்காய் சொத்தை என்று சொன்ன கண்.

ஆறு நாள் ஆட்டத்துக்குப் பிறகு ஒரு சாயங்காலம் ஆச்சி பலகையை மடக்கி வைத்துவிட்டார். "வெளக்கு வைக்குற நேரம் வரைக்கும் ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளயே கெடக்கியளே. கீழ போயி வெளையாட வேண்டியதானே?" சின்னவள் உடனே செருப்பைத் தேடினாள். பெரியவள் அசையவில்லை. "கீழ பசங்க ஆடறாங்க ஆச்சி" என்றாள். அதற்கு என் அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "என்னைய பன்னெண்டு வயசுல, இனும வாசல்ல நின்னு வெளையாடாத, உள்ள போன்னு சொன்னாவ. போனேன். ஒன்னைய யாருட்டி சொன்னா?"

பெரியவள் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. உங்கள் வீடுகளிலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நம் சங்க விதிகளில் அப்படி ஒரு வரி கிடையாது. இங்கே படித்தவர்கள், வேலைக்குப் போகிற அம்மாக்கள். பெண்ணை வெளிநாடு வரை அனுப்பிப் படிக்கவைக்கத் தயாராக இருக்கிற அப்பாக்கள். ஆனாலும் நீங்கள் சாயங்காலம் ஐந்தரைக்குப் பால்கனியில் நின்று பாருங்கள். சறுக்கு மரத்திலும் ஊஞ்சலிலும் ஆறு வயது வரை பையனும் பெண்ணும் சரிபாதி. எட்டு வயதில் பெண்கள் குறைகிறார்கள். பத்து வயதுக்கு மேல் மைதானத்தில் கிரிக்கெட் இருக்கிறது, பையன்கள் இருக்கிறார்கள். பெண்கள் எங்கே? பெஞ்சில் இருக்கிறார்கள், அல்லது வீட்டில் இருக்கிறார்கள். யாரும் உள்ளே போகச் சொல்லாமலே உள்ளே போயிருக்கிறார்கள்.

மறுநாள் காலை, பின்னல் நேரம். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "பந்து என் மேல பட்டா, நீ ஏன் நடுவுல நிக்கறேன்னு கேக்கறாங்கப்பா. ஓரமா நின்னா போரடிக்குது. நானும் ஆடறேன்னு கேட்டா, சரி, பந்து பொறுக்குங்கறாங்க." நடைபாதையில் தோழியோடு நடக்கலாமே என்றேன். "நடக்கறதுக்கு நான் என்ன சுகர் பேஷண்டா?" என்றாள். நடைப்பயிற்சிக் குழுவினர் மன்னிக்க வேண்டும், அது அவள் வாக்கியம்.

பையன்களைப் பெற்றவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பையன்களை எனக்கு ஒவ்வொருவராகத் தெரியும். லிஃப்டில் பை தூக்கி உதவுகிற பிள்ளைகள்தான். இருப்பது ஒரே மைதானம், கிரிக்கெட் பந்துக்கு எல்லை தெரியாது, முதலில் வந்தவர்களுக்கு இடம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

நம் பழைய இலக்கியத்தில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகை இருக்கிறது. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பாடுவது. பத்துப் பருவம். முதல் ஏழு பருவம், தாலாட்டுவது, கை தட்டுவது, முத்தம் கேட்பது, நிலாவைக் கூப்பிடுவது எல்லாம் ஆண், பெண் இருவருக்கும் பொது. கடைசி மூன்று பிரிந்துவிடும். ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். அம்மானை என்றால் காயை மேலே எறிந்து பிடிக்கிற ஆட்டம். ஊசல் என்றால் ஊஞ்சல். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடிய பிள்ளைத்தமிழிலும் இந்த மூன்றும் உண்டு. அந்த ஆண்பால் 'சிற்றில்' இருக்கிறதே, அதில் தெருவில் மணல் வீடு கட்டிக்கொண்டிருப்பது பெண்கள். பையன் வந்து காலால் கலைப்பான், 'எங்க வீட்டை இடிக்காதே' என்று அவர்கள் கெஞ்சுவார்கள். அப்போதே இந்தத் தகராறு இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றைக் கவனியுங்கள், அந்தப் பாட்டில் பெண்கள் தெருவில் இருக்கிறார்கள். நம் குடியிருப்பில் மணல் குழியை மூடி டைல்ஸ் போட்டுவிட்டோம், இடிப்பதற்கும் வீடு இல்லை.

அப்பாக்கள் என்ன செய்ய முடியும் என்று யோசித்தால், நம் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிவந்தாரே காசிமா, வடசென்னைப் பெண். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், கேரம் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மின்டனில் வெள்ளி வாங்கிய காஞ்சிபுரத்துத் துளசிமதிக்கும் அப்பாதான் பயிற்சி கொடுத்தார். நான் உலகக் கோப்பைக்கெல்லாம் போகவில்லை. நம் கிளப் ஹவுஸ் கேரம் பலகைக்கே போக முடியவில்லை. அது மாலை நான்கிலிருந்து எட்டு வரை மூத்த குடிமக்கள் வசம் இருக்கிறது, ஸ்டிரைக்கர் ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கவலையை ஒரு ராத்திரி என் மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "த்ரோபால் ஆடச் சொல்லுங்க" என்றார். "அது அவங்களுக்குத் தெரியாதே" என்றேன். "எனக்குத் தெரியும். நான் ஸ்கூல் டீம் கேப்டன்" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அவருக்கு எந்தக் கடை காபித்தூள் பிடிக்கும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் கழுத்து வலிக்கும் எல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு கேப்டன் இருக்கிறார் என்பது தெரியாது. "ஏன் சொல்லவே இல்ல?" என்றேன். "யாரும் கேக்கல. எட்டாவதோட விட்டாச்சு" என்றார். ஏன் விட்டாச்சு என்று நான் கேட்கவில்லை. ஆச்சி ஏற்கெனவே சொல்லிவிட்டாரே.

த்ரோபால், அதாவது எறிபந்து, நமக்கு அந்நிய ஆட்டம் இல்லை. 1940களில் சென்னை ஒய்.எம்.சி.ஏ. வழியாக நம் நாட்டில் பரவியது. ஒரு பக்கம் ஏழு பேர். பந்தை அடிக்கக் கூடாது. பிடிக்க வேண்டும், பிடித்த மூன்று விநாடிக்குள் வலைக்கு மேலே எறிய வேண்டும். விலையுயர்ந்த மட்டை வேண்டாம், காலில் பேடு வேண்டாம். முக்கியமாக, பந்து வலையின் இரண்டு பக்கமும் உள்ள சதுரத்துக்குள் இருக்கும், யார் கார் கண்ணாடிக்கும் ஆபத்து குறைவு. செயற்குழுவில் இதைக் கேட்ட பொருளாளரின் முகம் மலர்ந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற சகோதரிகளில் எத்தனை பேர் பள்ளியில் எறிபந்து ஆடியிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். அட! பாருங்கள் சார், திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு கேப்டன் இருக்கலாம்.

செயற்குழு பரீட்சார்த்தமாக இரண்டு மாதத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. சனி, ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை மைதானத்தின் கிழக்குப் பாதி எறிபந்துக்கு. மேற்குப் பாதியில் கிரிக்கெட் டென்னிஸ் பந்தில் நடக்கும். மற்ற ஐந்து நாள் பழையபடி. பையன்களில் இரண்டு பேர் இப்போதே, "ஆன்ட்டி, நாங்களும் த்ரோபால் ஆடலாமா?" என்று கேட்டாயிற்று. ஆடலாம், பந்து பொறுக்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பெரியவள் சொல்லியிருக்கிறாள். அதை நான் கண்டித்துவிட்டேன், கொஞ்சம் மெதுவாக.

போன சனிக்கிழமை வெள்ளோட்டம் பார்த்தோம். வலைக்குப் பதில் துணி காயப்போடும் கயிறு, அதில் அடையாளத்துக்கு இரண்டு துப்பட்டா. ஒன்பது பெண் பிள்ளைகள், ஐந்து அம்மாக்கள். சும்மா வேடிக்கை பார்க்க என்று வந்த ஒரு பாட்டி, புடவையைச் செருகிக்கொண்டு இரண்டு சர்வீஸ் போட்டார். இரண்டும் கயிற்றைத் தாண்டின. என் மனைவி போட்ட முதல் பந்து செயலாளர் நட்டு வைத்த செம்பருத்தியில் விழுந்தது. செடி பிழைத்துக்கொண்டது. பெரியவள் முதல் பத்து நிமிடம் ஓரத்தில் நின்றாள். பிறகு யாரோ "பிடி!" என்று கத்தினார்கள், பந்து அவளை நோக்கி வந்தது, பிடித்துவிட்டாள். பிடித்த பந்தை மூன்று விநாடிக்குள் எறிய வேண்டும் என்பதை மறந்து கட்டிக்கொண்டு நின்றாள். நடுவரும் விசில் ஊதவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "அடுத்த வாரம் நாங்க ஆறு மணி வரைக்கும் ஆடுவோம்" என்றாள் பெரியவள். "ஆமா, நாங்க ஆடுவோம்" என்றார் என் மனைவி. "நாங்க!" என்றாள் சின்னவள், வாயில் சாதத்தோடு. மூன்று பேரும் ஒரு பக்கம். எனக்குக் கொடுத்திருக்கிற பொறுப்பு பிளாஸ்கில் எலுமிச்சைச் சாறு, கூடவே கயிறு கட்டுவது.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணி. எட்டு வயதுக்கு மேல் எந்த வயதும் வரலாம், மேல் வரம்பு இல்லை. பந்து எங்கள் வீட்டில் இருக்கிறது, கொஞ்சம் காற்று இறங்கியிருக்கிறது. பம்ப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொண்டுவாருங்கள். நல்ல வலை ஒன்றை இரண்டாம் பிளாக்கில் யாரோ மாடியில் கொடிப்பந்தலுக்குக் கட்டியிருப்பதாகச் சின்னவள் துப்புக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் என்னை வந்து பார்த்தால் அவரைக்கொடிக்கு வேறு ஏற்பாடு செய்து தருகிறேன்.